முப்பத்தொன்றாம் நம்பர் சட்டை

திங்கட்கிழமை காலையில் எங்கள் சலவைக்கூடத்தில் வந்து விழும் மூட்டைகளில் முதல் மரியாதை ஆஸ்பத்திரி மூட்டைக்கு. அடுத்தது ஓட்டல்காரர்களின் படுக்கை விரிப்பு. கால்பந்து அணியின் மூட்டை கடைசியில்தான் வரும். முதல் டிவிஷனில் ஆடுகிற அணி, பேப்பரில் அவர்களுக்கென்று தினமும் அரைப்பக்கம் ஒதுக்குகிறார்கள். ஆனால் மூட்டையைப் பிரித்தால் அடிக்கிற வாடையில் முதல் டிவிஷன் கடைசி டிவிஷன் எல்லாம் கிடையாது. சேறு, வியர்வை, தசைக்குத் தடவுகிற தைலம், எவனோ தின்றுவிட்டுச் சுருட்டி எறிந்த வாழைப்பழத் தோல், எல்லாம் ஒன்றாகக் கிடந்து புழுங்கியிருக்கும். ஜெயித்த வாரமும் அதே நாற்றம்தான், தோற்ற வாரமும் அதே நாற்றம்தான்.

நான் அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவன். எல்லோரும் என்னை ‘பாய்லர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பொசுக்கென்று கோபம் வந்துவிடுவதால் பெயர் பொருந்திப்போய்விட்டது என்று கிண்டல் வேறு. என்னிடமிருந்து ஆவி போனால்தான் அங்கே இஸ்திரி மேசையிலிருந்து உலர்த்தும் டிரம் வரைக்கும் எதுவும் ஓடும். அந்தத் திமிர் எனக்கு உண்டு. மேனேஜரே வந்து சொன்னாலும் வேலை நேரத்தில் வால்வை மூடமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

இஸ்திரிப் பகுதியில் நிற்கிற அக்கா எனக்கு மேல்மாடி. அவள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகினால் என் படுக்கையில் சொட்டும். அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. சண்டை போடப் போனவனுக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்து உட்காரவைத்து, “கோவத்தக் குடிச்சு முடிச்சிட்டு சொல்லு தம்பி” என்றாள். அதற்கப்புறம் எங்கே சண்டை போடுவது? குழாய் இன்றைக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

அவளுக்கு ஒரே பையன். சின்ன வயதில் எங்கள் தெருவில் பந்து விளையாடும்போது யார் தள்ளிவிட்டாலும் விழுந்த வேகத்தில் எழுந்து ஓடுவான். அதனால் ‘ரப்பர்’ என்று பேர் வைத்தார்கள். அந்த ரப்பர்தான் வளர்ந்து, ஜூனியர் அணியில் ஆடி, போன வருஷம் முதல் டிவிஷன் அணியில் சேர்ந்தான். முப்பத்தொன்றாம் நம்பர் கொடுத்தார்கள். சேர்ந்தான் என்பதற்கும் ஆடினான் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

மூட்டையைக் கொட்டிப் பிரிப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு மூட்டைக்கு மட்டும் அக்கா இஸ்திரி மேசையை விட்டு வந்துவிடுவாள். சேற்றுக் குவியலுக்குள் கையை விட்டு முப்பத்தொன்றை உருவியெடுப்பாள். மற்ற சட்டைகளெல்லாம் எருமை புரண்டு எழுந்த மாதிரி இருக்க, அது மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். கைப்பகுதியில் அவள் போட்ட இஸ்திரி மடிப்பு அப்படியே நிற்கும். முதுகு மட்டும் கசங்கியிருக்கும்.

“முதுகு கசங்கியிருந்தா பெஞ்சுல உக்காந்திருக்கான்னு அர்த்தம் தம்பி. அதுவும் கசங்கலன்னா பெஞ்சுக்கே கூப்பிடல.”

“கூப்பிட்டாங்களா இல்லையான்னு அவனைக் கேட்டாத் தெரிஞ்சிரும்ல?”

“அவன்கிட்ட எப்படிக் கேக்கறது? கேட்டா மூஞ்சி சுருங்கிரும். சட்டைகிட்ட கேட்டா அது பாட்டுக்குச் சொல்லும்.”

பிரிக்கிற பெண்கள் முதலில் கேலி செய்தார்கள். “என்னக்கா, உங்க பையன் சட்டைக்கு மட்டும் நாங்க சோப்பு மிச்சம் பிடிக்கலாம் போல” என்றாள் ஒருத்தி. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். சீசன் நடுவில் வந்தபோது அந்தப் பெண்ணே கேலியை நிறுத்திக்கொண்டு, முப்பத்தொன்றைப் பார்த்தால் பேசாமல் எடுத்து அக்காவின் மேசையில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். கேலி செய்தபோதே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் அக்காவின் வீட்டுக்காரர் வேறு மாதிரி. அவர் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல். பகலெல்லாம் தூக்கம், மிச்ச நேரமெல்லாம் பையன் புராணம். தெருவில் சைக்கிள் கடைக்காரனிலிருந்து மருந்துக்கடைக்காரன் வரை அவரிடம் மாட்டாத ஆள் கிடையாது. “டிவில எப்பண்ணே வருவான்?” என்று எவனாவது கேட்டுவிட்டால் போதும்.

“போன வாரம் வந்தானே! நீ பாக்கலையா?”

“எங்கண்ணே? நானும் முழுசாத்தான் பாத்தேன்.”

“கோச்சைக் காட்டினாங்கல்ல, அவருக்குப் பின்னாடி ரெண்டு முட்டி தெரிஞ்சுது பாரு. இடது முட்டில தழும்பு இருக்கிறது நம்ம பையன்.”

அந்த முட்டியை அவர் எனக்கும் காட்டியிருக்கிறார். டிவிக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்து, “மாப்ள, இதோ, இதோ!” என்பதற்குள் கேமரா வேறு பக்கம் போய்விடும். சீசன் முடியப்போகிற வரைக்கும் அவர் பார்த்தது பையனின் முட்டியும், ஒரே ஒரு தடவை காதும்தான். அதற்கே மனுஷன் அன்றைக்கு ராத்திரி வேலைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போனார்.

அந்த வீட்டில் முட்டை வாங்கினால் அது ரப்பருக்கு. தாயும் தகப்பனும் ரொட்டியை டீயில் முக்கித் தின்றுவிட்டு, “எங்களுக்கு முட்டை ஒத்துக்காது” என்று சத்தியம் செய்வார்கள். அவன் நம்பின மாதிரி சாப்பிடுவான். விடியும் முன்னே எழுந்து பயிற்சிக்குப் போய், மத்தியானம் தசைப் பயிற்சி முடித்து, சாயங்காலம் வரும்போது படியேறுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரியும். ஓடிக் களைத்தவன் ஏறுவது ஒரு மாதிரி இருக்கும். சும்மா உட்கார்ந்து களைத்தவன் ஏறுவது வேறு மாதிரி. இரண்டாவதுதான் கனமாகக் கேட்கும்.

“எப்படிடா போகுது?” என்று ஒருநாள் படியில் மடக்கிக் கேட்டேன்.

“போகுது மாமா.”

“கோச் என்னதான்டா சொல்றார்?”

“சீசன் ஆரம்பத்துல ‘ரெடியா இரு’ன்னார். அன்னிலருந்து ரெடியாத்தான் இருக்கேன்.” சிரித்தான். அப்புறம் குரலை இறக்கி, “வீட்டுல சொல்லிடாதீங்க. சீசன் முடியறதுக்குள்ள ஒரு ஆட்டமாவது இறங்கியிருக்கணுமாம். பத்து நிமிஷம் ஆடினாக்கூடப் போதும். இல்லன்னா அடுத்த வருஷம் என் பேரைப் புதுப்பிக்க மாட்டாங்க” என்றான்.

“இன்னும் எத்தனை ஆட்டம் இருக்கு?”

“ரெண்டு.”

நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அக்காவுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. அணியின் உடுப்பு, பூட்ஸ், பந்து எல்லாவற்றையும் கட்டி ஏற்றி இறக்குகிற பெரியவர் ஒருவர் உண்டு. பையன்கள் அவரை மூட்டைக்காரர் என்பார்கள். அவர் ஒருநாள் சலவைக்கூடத்துக்கு வந்தபோது, “உங்க பையன் தங்கமானவன்மா, ஒரு ஆட்டமாவது இறங்கினாத்தான் அடுத்த வருஷம் வெச்சுப்பாங்களாம், ஆனா அவன் இடத்துல ஆடற ஆளுக்கு ஒரு ஜலதோஷம்கூட வரமாட்டேங்குதே” என்று ஆற்றாமையோடு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இதற்குச் சில வாரங்கள் முன்பே அந்தச் சட்டையில் ஒரு கோளாறு வந்திருந்தது. ஒருநாள் அக்கா அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். முதுகில் ஒட்டியிருந்த நம்பரில், மூன்றின் வால் உரிந்து தூக்கிக்கொண்டிருந்தது.

“மெஷின்ல போட்டுப் போட்டு இப்படி ஆயிருச்சு தம்பி. எந்த மூட்டை வந்தாலும் எல்லாத்தையும் துவைக்கணும்னுதான நம்ம கூடத்துச் சட்டம்? அழுக்கே இல்லாததையும் வாராவாரம் சுடுதண்ணில போட்டு அலசறோம். ஒரு நாள்கூட ஆடாம சட்டை கிழியப்போகுது.”

“மூட்டைக்காரர்கிட்ட சொல்லி வேற வாங்கச் சொல்லு.”

“பெரிய ஆளுங்களுக்குத்தான் ரெண்டு செட்டு. இவனுக்கு ஒண்ணுதான். சட்டை கிழிஞ்சுருச்சுன்னு போய் நின்னா, எதுல கிழிஞ்சுதுன்னு கேட்டா என்ன சொல்லுவான்?”

அன்றிலிருந்து அவள் அந்தச் சட்டையை வாராவாரம் பைக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பச்சைத் தண்ணீரில் வீட்டு சோப்புப் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கசக்காமல் அலசி, உள்பக்கம் திருப்பிக் கொடியில் போடுவாள். காய்ந்ததும் மேலே ஒரு துணியை விரித்து, நம்பர் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் சூடு காட்டுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேன் வரும். அதற்கு முன்னால், காலையிலேயே கொண்டுவந்து மற்ற சட்டைகளோடு அடுக்கிவிடுவாள். வாடிக்கைக்காரர் துணி, அதைப் பையில் வைத்து வெளியே எடுத்துப்போனால் வேலை போய்விடும். அக்கா அப்படிப்பட்ட காரியம் செய்கிறவள் அல்ல என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. அதனாலேயே வாசல்காரன் அவள் பையைச் சோதித்ததே இல்லை.

கடைசிக்கு முந்தின ஆட்டத்து வாரம் வானிலை கெட்டது. திங்களிலிருந்தே மழை. கூடத்தில் எதுவும் காயவில்லை, உலர்த்தும் டிரம் எல்லாம் நாள் பூராவும் ஓடின, நான் கொதிகலனை விட்டு நகரவே முடியவில்லை. சனிக்கிழமை பெரும்புயல் வரும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை அக்காவும் நானும் குடையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அணியின் மூட்டைகள் இருந்த மேடை காலியாக இருந்தது.

“வேன் வந்துட்டுப் போயிருச்சே” என்றான் வாசல்காரன். “புயலுக்கு முன்னாடி முடிச்சிரலாம்னு ஆட்டத்த இன்னிக்கே வெச்சுட்டாங்களாம். மத்தியானம் ஆட்டம். மூட்டைக்காரர் அரக்கப்பரக்க அள்ளிப் போட்டுட்டு ஓடினார்.”

அக்காவின் பை காலியாகத்தான் இருந்தது. ஈரம் வாங்கின காற்றில் அந்த வாரம் சட்டை காயவே இல்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்து விடலாம் என்று கொடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“போன் போடுக்கா. மாமா வீட்டுல தான இருக்கார், எடுத்துட்டு ஓடுவார்” என்றேன்.

அவள் ஈரக் குடையை மடக்கி, சுவரில் சாய்த்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். “ராத்திரி பூரா முழிச்சிட்டு இப்பத்தான் வந்து படுத்திருப்பார் தம்பி.”

“அப்ப மூட்டைக்காரருக்காவது ஒரு வார்த்தை சொல்லேன். நான் வேணா பேசட்டுமா?”

“நீ ஒண்ணும் பேச வேண்டாம். வேலையப் பாரு.”

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். பயமோ பதற்றமோ அதில் இல்லை. அலுப்பு மட்டும்தான் இருந்தது. இஸ்திரி மேசைக்குப் போய் ஆஸ்பத்திரி விரிப்புகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் டிவி போட்டார்கள். அங்கே இருப்பது சின்ன டிவி, மழை பெய்தால் படம் பாதி புள்ளியாக இருக்கும். அக்கா ஒரு மூலையில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். மைதானமே குளமாக இருந்தது. பந்து உருளாமல் அங்கங்கே நின்றது, ஆட்கள் மட்டும் வழுக்கிக்கொண்டு போனார்கள். பெஞ்சைக் காட்டும்போது தழும்பு முட்டி தெரிந்தது. ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது பாதியில் ஒருவன் வழுக்கி விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு புரண்டான். ஸ்ட்ரெச்சர் வந்தது. ரப்பரின் இடத்தில் ஆடுகிறவன்தான் அது, ஜலதோஷம்கூட வராத ஆள்.

கோச் திரும்பினார். பெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டினார். ரப்பர் எழுந்து நின்றான்.

“அக்கா! உங்க பையன்! உங்க பையனக்கா!” பிரிக்கிற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சோப்பு மிச்சம் பிடிக்கலாம் என்று அன்றைக்குக் கேலி செய்தவள் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நான் மட்டும் அக்காவைப் பார்த்தேன். அக்கா ரொட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

ரப்பர் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. கோச் ஏதோ சொல்கிறார், இவன் ஏதோ சொல்கிறான். மூட்டைக்காரர் பெட்டியைத் திறந்து கொட்டிக் கிளறுகிறார். அப்புறம் இரண்டு பேரும் உள்ளே ஓடுகிறார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “என்ன தாமதம் என்று தெரியவில்லை, மாற்று ஆட்டக்காரரின் சட்டையில் ஏதோ சிக்கல் போலிருக்கிறது” என்றார் வர்ணனையாளர், சிரிப்பை அடக்கின குரலில். பதிவு செய்த நம்பர் சட்டை இல்லாமல் இறங்க முடியாது. கோச் தலையை ஆட்டிவிட்டு வேறு ஒரு பையனைக் கூப்பிட்டார். அவன் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினான்.

ரப்பர் வெளியே வந்து, நடந்ததைப் பார்த்துவிட்டு, பழைய இடத்தில் உட்கார்ந்தான். கேமராக்காரனுக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, அவன் முகத்தை முழுசாக, வெகுநேரம் காட்டினான். மழைத்தண்ணீர் வழிகிற முகம். அழுகிறானா என்று தெரியவில்லை.

அக்காவின் போன் அடித்தது. வீட்டுக்காரர். அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். “பாத்தியா! மூஞ்சி! மூஞ்சி முழுசாத் தெரிஞ்சுது! எந்திரிச்சு நின்னான் பாத்தியா?”

“பாத்தேன்” என்றாள் அக்கா.

சாயங்காலம் அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. மாடி வரைக்கும் கூடவே போனேன். கொடியில் இருந்த சட்டையை எடுத்தாள். லேசான ஈரம் இருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, துணி விரித்து, நம்பர் மேல் ஒற்றி, மடித்து மேசையில் வைத்தாள். வீட்டுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு அதற்குள் விஷயம் பாதி தெரிந்துபோய், அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“சட்டை காணோமாம் மாப்ள! முதல் டிவிஷன் டீமுல சட்டை காணாமப் போகுமா? எவனோ வேணும்னே எடுத்து ஒளிச்சிருக்கான். பொறாமை! அந்த மூட்டைக்காரனைச் சும்மா விடப்போறதில்ல நான்.”

ரப்பர் வந்தான். தொப்பலாக நனைந்திருந்தான். பூட்ஸ் பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா நீட்டின துண்டை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டான்.

“எவன்டா எடுத்தான்? பேரச் சொல்லு” என்றார் தகப்பன்.

“யாரும் எடுக்கல” என்றாள் அக்கா. “இதோ இருக்கு.”

அவர் மேசையைப் பார்த்தார். சட்டையைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடாக இருந்திருக்கும். “இது எப்படி இங்க?”

அக்கா சொன்னாள். மூன்றின் வால் உரிந்ததிலிருந்து வேன் முன்னாடியே வந்தது வரைக்கும், எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவர் கேட்கக் கேட்க உட்கார்ந்துவிட்டார்.

“சரி, வேன் போயிருச்சு. காலையிலதான போச்சு? எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல? நான் என்ன கலெக்டர் வேலையா பாக்கறேன் பகல்ல? தூங்கத்தான செய்றேன்? எழுப்பியிருந்தா நடந்தே போய்க் குடுத்திருப்பேனே!”

“விடுங்கப்பா” என்றான் ரப்பர் துண்டுக்குள்ளிருந்து.

“என்னத்த விடறது? ஏன்டி போன் பண்ணல? வாயத் திறந்து சொல்லு.”

“இறக்குவாங்கன்னு நான் நினைக்கல.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிப்போய்விட வேண்டும் போல இருந்தது. ஒரு தாய் தன் பிள்ளைக்கு முன்னால் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனால் அவள் வேறு என்ன சொல்லுவாள்? பொய் சொல்லத் தெரிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பாள்.

“நீங்க டிவில முட்டியப் பாத்தீங்க” என்றாள் வீட்டுக்காரரிடம். “நான் வாராவாரம் இந்தச் சட்டையப் பாத்தேன். முதல்ல எல்லாம் மூட்டைய அவுக்கறப்ப நெஞ்சு அடிச்சுக்கும். இந்த வாரம் இருக்கும், ஒரு பொட்டுச் சேறாவது இருக்கும்னு. அப்புறம் அலுத்துப்போச்சு. இன்னிக்கு மட்டும் என்ன புதுசா நடந்துரப்போகுதுன்னு இருந்துட்டேன்.” பையன் பக்கம் திரும்பினாள். “உன்ன நான்தான்டா கெடுத்தேன்.”

ரப்பர் துண்டை எடுத்தான். கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“இல்லம்மா. நான் போனவுடனே பாத்துட்டேன். உடை மாத்தற ரூம்ல என் ஆணியில கால்சட்டை இருந்துச்சு, காலுறை இருந்துச்சு, சட்டை இல்ல. நீ வீட்டுக்கு எடுத்துட்டு வர்றது எனக்கு எப்பவோ தெரியும். நம்ம வீட்டு சோப்பு வாசனை எனக்குத் தெரியாதா?”

“அப்பவே சொல்ல வேண்டியதுதானடா!” தகப்பன் பதறினார்.

“சொன்னா சலவைக்கூடத்துக்குப் போன் போகும். அம்மா வேலைக்கு உலை வெச்சிருவாங்க. அதான் சொல்லலன்னு வர்ற வழியெல்லாம் எனக்கே சொல்லிட்டு வந்தேன். ஆனா அது முழு நிஜம் இல்லப்பா. உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா யாருக்கும் தெரியாம கொண்டுவந்திருப்பீங்க. நேரம் இருந்துச்சு. நான்தான் பண்ணல. ஜிப்ப மேல வரைக்கும் இழுத்துவிட்டுட்டு உக்காந்துட்டேன்.” நிறுத்தினான். “நானும் நினைக்கலம்மா. இறக்குவாங்கன்னு.”

தகப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அடிபட்ட மாதிரி இருந்தது அவர் பார்வை. “அப்ப நான் ஒருத்தன்தான் முட்டாளா இந்த வீட்டுல?”

“நீங்க ஒருத்தர்தான்பா நினைச்சீங்க” என்றான் ரப்பர்.

தகப்பன் எழுந்து உள்ளே போனார். வேலைக்குக் கிளம்பத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஒரு முட்டையை அவித்து, ஓட்டை உரித்து, உப்பு போட்டுக் கொண்டுவந்தார். ரப்பர் அதை வாங்கி மூன்றாகப் பிட்டான். அன்றைக்கு யாரும் ஒத்துக்காது என்று சொல்லவில்லை.

மறுநாள் ரப்பர் கோச்சிடம் போய், பழுது பார்க்க வீட்டுக்குக் கொண்டுபோனேன், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். சலவைக்கூடத்தின் பேரும் வரவில்லை, மூட்டைக்காரர் பேரும் வரவில்லை. கோச் கத்தவில்லையாம். “ஆடப்போறவன் சட்டைய மறக்கமாட்டான்பா” என்று மட்டும் சொன்னாராம். கடைசி ஆட்டத்துக்குப் போன சட்டை, அடுத்த திங்கட்கிழமை முதுகுகூடக் கசங்காமல் திரும்பி வந்தது. அதற்கடுத்த மாதம் அவன் பேரைப் புதுப்பிக்கவில்லை என்று தெரிந்தது.

புதுச் சீசனில் முப்பத்தொன்றாம் நம்பரை வேறொரு பையனுக்குக் கொடுத்தார்கள். புதுச் சட்டைதான். அதுவும் சுத்தமாகவே வந்துகொண்டிருந்தது. அக்கா மூட்டையைப் பார்க்க எழுந்து வருவதை விட்டுவிட்டாள். ஒரே ஒரு தடவை, தன் மேசைக்கு வந்த அந்தச் சட்டையைத் திருப்பிப் பார்த்து, “இவனுக்கும் ஒருத்தி எங்கயாவது முட்டை அவிச்சிட்டு இருப்பா” என்றாள்.

ரப்பர் தெற்கே தள்ளி ஒரு சின்ன ஊருக்குப் போனான். மூன்றாவது டிவிஷனோ நாலாவதோ, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பேப்பரில் அரை வரிகூட வராத அணி. நாலைந்து பேருக்கு ஒரே அறை, சமையலும் அவர்களே, பகலில் ஒரு பழக்கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை. வாரம் ஒருமுறை ராத்திரி பேசுவான். நல்லா இருக்கேன் என்பான். தகப்பன் மட்டும் சைக்கிள் கடையில், “வேற டீமுக்கு மாத்தியிருக்காங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன்னைப்போல் ஆளை மடக்கி நிறுத்திச் சொல்லவில்லை. கேட்டால் மட்டும் சொன்னார்.

ஒருநாள் பட்டப்பகலில், வேலை மும்முரமாக இருக்கும்போது அக்காவின் போன் அடித்தது. வேலை நேரத்தில் அவன் கூப்பிட்டதே இல்லை. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“என்னடா? என்ன ஆச்சு? ...என்னது? கேக்கல!” ஒரு காதைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பிக் கத்தினாள். “தம்பி, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிறுத்தேன்!”

நான் வால்வை மூடினேன். ஆவி அடங்கியது. இஸ்திரி மேசைகள் ஒவ்வொன்றாக நின்றன, டிரம்கள் சுற்றி ஓய்ந்தன. மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த அமைதியில் போனில் அவன் பேசுவது எனக்கே கேட்டது.

“ஒண்ணும் ஆகலம்மா. இங்க எங்க துணிய நாங்களேதான் துவைக்கணும். புல்லுக்கறை எப்படிம்மா போகும்?”

“புல்லுக்கறையா? எங்க இருக்கு?”

“இடது முட்டிகிட்ட. அப்புறம் இடுப்புப் பக்கம் பூரா. சட்டை முன்னாடி எல்லாம் சேறு.”

அக்கா இஸ்திரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“முதுகு? முதுகு கசங்கியிருக்காடா?”

அவன் சிரிப்பது கேட்டது. “எங்கம்மா கசங்க? உக்காரவே விடல.”

கறையைக் காயவிடாதே என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். புதிதாக வருகிற பெண்களுக்கு அக்கா கற்றுக்கொடுப்பதும் அதைத்தான். காய்ந்த கறை லேசில் போகாது. அப்படிப்பட்டவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் சொன்னாள்:

“பச்சத் தண்ணில ஊறவெச்சு, சோப்புப் போட்டு மெதுவாத் தேய்ச்சாப் போயிரும். ஆனா ஒண்ணும் அவசரம் இல்லடா. இன்னிக்கு ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும்.”

அவள் போனை வைத்துவிட்டு எனக்குத் தலையை ஆட்டினாள். நான் வால்வைத் திறந்தேன்.